பரோலும் ஊர் திரும்புதலும்

தமிழ்நாட்டுச் சிறைவாசிகள் பரோலில் வருவது 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி. இதில் இரண்டு வகை உண்டு. நெருங்கிய உறவினர் இறந்துவிட்டால், உயிருக்குப் போராடினால், வீட்டில் திருமணம் என்றால் கிடைப்பது அவசர விடுப்பு. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. மூன்று ஆண்டு சிறையில் கழித்தவர்கள் கேட்கக்கூடியது சாதாரண விடுப்பு. 21 நாள் முதல் ஒரு மாதம் வரை.

சாதாரண விடுப்புக்கு விதிகள் அடுக்கும் காரணங்கள் கவனிக்கத்தக்கவை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டைப் பழுதுபார்ப்பது, உடன்பிறந்தாளுக்குக் கல்யாணம் முடிப்பது, பாகப்பிரிவினை, விதைப்பு, அறுப்பு, மனைவியின் பேறுகாலம், விடுதலைக்குப் பிறகான பிழைப்புக்கு வழி செய்வது. பத்துப் பதினைந்து ஆண்டு உள்ளே இருப்பவரைக் குடும்பம் மறந்துவிடாமல் காப்பவை இந்தக் கடமைகளே. ஆகவே விடுப்பைச் சலுகை என்று மட்டும் பார்ப்பது தவறு.

மனு சிறைக் கண்காணிப்பாளரிடம் தொடங்குகிறது. நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய், வீட்டார் ஏற்பார்களா, எதிர்த்தரப்பால் வம்பு வருமா என்று விசாரித்து அறிக்கை தருகிறார். காவல்துறையின் கருத்தும் கேட்கப்படும். பழைய பகை ஆறாத ஊர் என்றால் மனு பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோகும். மறுக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடுவது வழக்கம்.

வெளியே வந்தவர் சொன்ன முகவரியில் தங்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். சிலருக்கு வழிக்காவலும் உண்டு. வெளியே இருக்கும் நாள்கள் தண்டனைக் கணக்கில் சேராது. 2019-இல் மகளின் திருமண ஏற்பாட்டுக்காக, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் சிறைவாசியாக இருந்த நளினிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மாத விடுப்பு தந்தபோது, பேட்டி தரக் கூடாது, அரசியல்வாதிகளைச் சந்திக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் இருந்தன. பின்னர் விடுப்பு மூன்று வாரம் நீட்டிக்கப்பட்டது.

இத்தனை கவனமும் சில வார விடுப்புக்கு. தண்டனை முழுதும் முடித்து வெளியேறுபவரை அந்த அளவுக்கு யாரும் பின்தொடர்வதில்லை. உண்மையான சோதனை அவருக்கு அப்போதுதான் தொடங்குகிறது. விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கம் சிறுதொழில் தொடங்கப் பணம் தருகிறது. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகளில் சிறைவாசிகள் வேலை பழகுகிறார்கள். 2023-இல் புழலில் பெண் சிறைவாசிகளுக்கென்றே ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் வெளியில் வேலை கேட்டுப் போனால், காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்கும் நிறுவனங்களில் கதவு அடைபடுகிறது. தையல், பெட்டிக்கடை, கட்டட வேலை, சொந்த நிலம் என்று சான்று கேட்காத பிழைப்புகளே மிஞ்சுகின்றன. நிலம் இருந்தாலும் அதற்கு ஊர் திரும்ப வேண்டும். விடுப்புகளில் அங்கே போய்வந்தவருக்கு அது ஓரளவு எளிது.