பந்தியின் முதல் பரிமாற்றம்: பாகலூர் வட்டாரப் பண்டிகை இலையில் சமைக்காத உணவு

உடல்நலம் கருதிச் சமைக்காத உணவை விரும்பி உண்பவர்களுக்கு ஆண்டின் கடினமான நாள்கள் பண்டிகை நாள்களே. போளி என்னும் ஒப்பட்டும் வடையும் பாயசமும் பரிமாறப்படும் பந்தியில் தனிப் பாத்திரத்துடன் உட்கார்ந்தால், விடியற்காலை முதல் அடுப்படியில் நின்றவர்களின் உழைப்பை மறுப்பதாகத் தோன்றும். எல்லாரையும் போல உண்டு எழுந்தால், தாம் கடைப்பிடித்துவரும் உணவொழுங்கு குலையும். இந்த இக்கட்டுக்குக் கர்நாடக எல்லையை ஒட்டிய பாகலூர் வட்டாரத்தின் பண்டிகைச் சமையல் நீண்ட காலமாகவே ஒரு விடையை வைத்திருக்கிறது. அடுப்பேறாத உணவு அங்கே விருந்தின் உறுப்பாக, முதலில் பரிமாறப்படுபவற்றுள் ஒன்றாக இலைக்கு வருகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து கர்நாடகத்தின் மாலூருக்குச் செல்லும் சாலையில் அமைந்திருக்கும் பாகலூர், ஒரு காலத்தில் பாளையக்காரர்களின் ஊராக இருந்தது. தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது ஆகியவை அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படும் இப்பகுதியில், உகாதியும் இராமநவமியும் சங்கராந்தியும் ஆயுத பூசையும் மொழி எல்லைகளைக் கடந்து கொண்டாடப்படுகின்றன. ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைகளும் மோட்டார் வாகன ஆலைகளும் வேலைக்கு அழைத்துவந்த பல மாவட்ட, பல மாநிலக் குடும்பங்களும் இப்பண்டிகைகளில் கலந்துகொள்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெப்பம் தணிந்த இந்நிலம் முட்டைக்கோசு, கேரட், முள்ளங்கி, நூக்கல், குடைமிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றை விளைவித்து இரு மாநிலச் சந்தைகளுக்கும் அனுப்புகிறது. பச்சையாக உண்ணத்தக்க காய்கறி கைக்கெட்டும் தொலைவிலேயே விளைவது, இவ்வூர்ப் பந்திக்கு வாய்த்த பெரும் நன்மையாகும்.

கொள்கையும் வழக்கமும்

சமைக்காத உணவு என்பதற்கு மேலைநாட்டுக் கொள்கையாளர்கள் தரும் பொதுவான வரையறை, ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கப்படாத உணவு என்பதாகும். தமிழ்நாட்டில் இக்கொள்கை 'இயற்கை உணவு' என்னும் பெயரால் அறியப்படுகிறது. தேங்காய், பழம், ஊறவைத்த பருப்பு, முளைப்பயறு ஆகியவற்றை மருந்தாகவும் உணவாகவும் பரிந்துரைத்த சிவசைலத்து நல்வாழ்வு ஆசிரமம் அதைப் பரப்பிய நிலையங்களுள் குறிப்பிடத்தக்கது. அதற்கும் முன்பே, 1929ஆம் ஆண்டில், காந்தியடிகள் தீயில் வேகாத உணவை மட்டும் உண்ணும் சோதனையைத் தம் மீது நடத்தி, அது பற்றி 'யங் இந்தியா' இதழில் எழுதினார். சில மாதங்களில் உடல்நலம் குன்றவே அதைக் கைவிட்டார். உணவைச் சோதித்துப் பார்க்கும் துணிவும், உடல் ஒத்துழைக்காதபோது பின்வாங்கும் நேர்மையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகிறது.

கொள்கையாக எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, தென்னிந்தியப் பண்டிகைகள் அடுப்பேறாத உணவுகளைச் சடங்கின் பெயரால் பேணிவந்துள்ளன. மாரியம்மனுக்கு ஏற்றும் மாவிளக்கு, ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து செய்யப்படுவது. திரி எரிந்து முடிந்ததும் அம்மாவு வேகாமலேயே பங்கிடப்படுகிறது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் படைக்கும் காப்பரிசி, ஊறிய அரிசியும் வெல்லமும் தேங்காயும் கலந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தமும் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், தேன், நெய் ஆகியவற்றைத் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து ஆக்கப்படுவதே. இராமநவமியில் ஊறிய பாசிப்பருப்பும் பானகமும் நீர்மோரும் தமிழ், தெலுங்கு, கன்னட வீடுகள் மூன்றிலும் படைக்கப்படுகின்றன. கன்னட வீடுகளில் முலாம்பழப் பானகமும் வாழைப்பழ ரசாயனம் என்னும் இனிப்புக் கலவையும் உடன் சேரும். உகாதிக் காலையில் உண்ணும் பச்சடியில் வேப்பம்பூ, புதுப்புளி, வெல்லம், மாங்காய், மிளகாய், உப்பு ஆகிய ஆறும் வேகாமலேயே கலக்கின்றன. சங்கராந்தியன்று வீடு வீடாகப் பகிரப்படும் எள்ளு பெல்லவில் எள்ளும் வேர்க்கடலையும் இலேசாக வறுக்கப்படுவதால் அதை முழுதும் சமைக்காத உணவு என்று கூற இயலாவிடினும், கொப்பரையும் வெல்லமும் அதில் இயல்பான நிலையிலேயே சேர்கின்றன.

கோசம்பரியின் அமைப்பு

இவை அனைத்திலும் பந்திக்கு மிகவும் பொருந்துவது கோசம்பரியே. தமிழ் வீடுகள் சிலவற்றில் கோசுமல்லி என்றும் வழங்கும் இந்த உணவில், தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடிக்கப்பட்டு, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயோடும் துருவிய தேங்காயோடும் கொத்தமல்லித் தழையோடும் கலக்கப்படுகிறது. எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்ந்தபின், கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுவர். வெள்ளரிக்குப் பதிலாகக் கேரட்டோ நூக்கலோ மாங்காயோ சேர்வதுண்டு. கடலைப்பருப்பில் செய்வதானால் கூடுதல் நேரம் ஊற வேண்டும். தாளிப்பில் சேர்பவை மட்டுமே தீயைக் கண்டவை என்பதால், கொள்கையில் உறுதியானவர்கள் தாளிப்பதற்கு முன்பே தமக்குரிய பங்கை எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான உணவை உண்பவர்கள் கோசம்பரியைத் தயக்கமின்றி ஏற்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவதாக, உப்பு, புளிப்பு, காரம், தாளிப்பின் மணம் ஆகிய பழகிய சுவைகள் அதில் முழுமையாக இருக்கின்றன. இரண்டாவதாக, ஒரு கரண்டி அளவே பரிமாறப்படுவதால் அது வேறெந்தப் பண்டத்தின் இடத்தையும் பறிப்பதில்லை. மூன்றாவதாக, இனிப்பும் எண்ணெயும் மிகுந்த இலையில் குளிர்ச்சியும் மொறுமொறுப்பும் உள்ள ஒரு பண்டம் தேவைப்படுகிறது. அத்தேவையை வேகாத காய் நிறைவேற்றுவது போல வெந்த காய் நிறைவேற்றுவதில்லை. உடல்நலம் என்னும் சொல்லே எழாமல், சுவையின் தேவையால் நிலைபெற்ற உணவு இது.

முதலில் உண்பதன் பயன்

கோசம்பரியை முதலில் பரிமாறும் பந்தியின் வரிசை முறைக்கு இன்றைய மருத்துவ ஆய்வும் ஆதரவாக நிற்கிறது. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைப் பின்னர் உண்டபோது, அதே உணவை வரிசை மாற்றி உண்டதைவிட, உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியதைக் காட்டியது. நார்ச்சத்தும் புரதமும் இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைத் தணிப்பது அதன் காரணங்களுள் ஒன்று. பருப்பும் காயும் தேங்காயும் சேர்ந்த கோசம்பரியைச் சோற்றுக்கும் ஒப்பட்டுக்கும் முன்பு சற்றுத் தாராளமாக உண்பது, இக்கண்டறிதலோடு நன்கு பொருந்துகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடி பேர் நீரிழிவோடு வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்ட நிலையில், இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

காய்கறியும் பழமும் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெப்பத்தால் சிதைவதும் வேகவைத்த நீரோடு வெளியேறுவதுமான வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற சத்துகள் பச்சைக் காயில் கூடுதலாக எஞ்சுகின்றன. ஆயினும் சமைப்பதால் வரும் நன்மைகளும் உண்மையானவை: தக்காளியின் லைகோபீனையும் கேரட்டின் பீட்டா கரோட்டீனையும் வெந்த நிலையில் உடல் எளிதாக ஏற்கிறது. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெடுங்காலமாகச் சமைக்காத உணவையே பெரும்பாலும் உண்டுவந்த 513 பேரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவுகளில், பலருக்கு உடல் எடை மிகவும் குறைந்திருந்ததும், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்ததும் தெரியவந்தன. சமைத்ததும் சமைக்காததும் ஓரிலையில் சேரும் பண்டிகை உணவே உடலுக்கும் உகந்த நடுநிலை என்பதை இம்முடிவுகள் வலியுறுத்துகின்றன.

எதைப் பச்சையாக உண்ணலாகாது

ஆர்வத்தால் எல்லாவற்றையும் வேகாமல் பரிமாறிவிடக் கூடாது என்பதற்கு இவ்வட்டாரத்தின் விருப்பமான அவரையே தக்க எடுத்துக்காட்டு. மார்கழி, தை மாதங்களில் சந்தையை நிறைக்கும் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்குப்பருப்புக் குழம்பு இப்பகுதியின் பெருமை. ஆனால் அக்கொட்டையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் சயனைடை வெளியிடக்கூடிய சேர்மங்களும் இருப்பதால் அது நன்கு வெந்தே ஆக வேண்டும். ராஜ்மா என்னும் சிவப்புப் பீன்ஸ் கொட்டையிலுள்ள லெக்டின் என்ற புரதம், வேகாத நிலையில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். உருளைக்கிழங்கையும் மரவள்ளிக்கிழங்கையும் பச்சையாக உண்பதும் தகாது.

முளைப்பயறு சத்துடையதெனினும், முளைவிடத் தேவைப்படும் ஈரமும் இளஞ்சூடும் கிருமிகளுக்கும் உகந்தவை. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளிலிருந்து பரவிய ஈ.கோலி தொற்றால் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனவே கருவுற்றவர்களும் சிறு குழந்தைகளும் முதியவர்களும் உண்ணும் பந்தியில் முளைப்பயறை ஆவியில் வேகவைத்துப் பரிமாறுவதே பொறுப்பான செயல். முட்டைக்கோசு போன்ற காய்களில் மண் வழியாகவும் மாசடைந்த நீர் வழியாகவும் நாடாப்புழு முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடும்; அவை உடலுக்குள் சென்று, அவற்றிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் மூளையில் தங்குவதால் வரும் நோய், இந்தியாவில் வலிப்புக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்றாகும். வெளியிதழ்களை நீக்கி, ஒவ்வோர் இதழாகப் பிரித்து, ஓடும் நீரில் கழுவுவதும், பருப்பை ஊறவைக்கக் காய்ச்சி ஆறிய நீரைப் பயன்படுத்துவதும் இன்றியமையாதவை.

கொண்டுசெல்லும் முறை

சமைக்காத உணவை உண்பவர் பந்திக்குச் செல்லும்போது, தமக்கு மட்டும் ஒரு டப்பாவில் எடுத்துச்செல்வதைவிட, எல்லாருக்கும் போதுமான அளவில் ஒரு பண்டத்தைத் தம் பங்காகக் கொண்டுசெல்வதே சிறந்தது. "கோசம்பரி நான் கொண்டுவந்துடறேன் அத்தை, அதை நீங்க செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வீட்டாரின் வேலையில் ஒன்று குறைகிறது. உணவுக் கொள்கை விவாதமாவதற்குப் பதில் உதவியாக மாறுகிறது. இருபது பேருக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, அரைக் கிலோ வெள்ளரி, ஒரு தேங்காயின் பாதி, மூன்று எலுமிச்சை ஆகியவை போதும்; இரண்டாம் முறை கேட்போருக்கும் கிடைக்கும்.

ஊறிய பருப்பு, நறுக்கிய காய், தேங்காய், தாளிப்பு ஆகியவற்றைத் தனித்தனிப் பாத்திரங்களில் கொண்டுசென்று பரிமாறுவதற்குச் சற்று முன்பே கலக்க வேண்டும். உப்பு முன்னதாகச் சேர்ந்தால் வெள்ளரி நீர் விட்டு, பருப்பின் மொறுமொறுப்புக் கெடும். நறுக்கிய காயும் தேங்காயும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. 32 டிகிரியைக் கடந்த வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. பானகம் கொண்டுசெல்வோர், வெல்லமும் சர்க்கரையே என்பதை நினைவிற்கொண்டு, நீரிழிவு உள்ளவர்களுக்கு நீர்மோரையும் உடன் வைத்திருப்பது நலம்.

உகாதிக்கு மறுநாள் தென் கர்நாடகத்தில் ஹொசதொடக்கு என்னும் பெயரில் நடக்கும் கறிவிருந்திலும் வேகாத உணவுக்கு இடமுண்டு. வெங்காயம், வெள்ளரி, முள்ளங்கி ஆகியவற்றின் துண்டுகளும் எலுமிச்சையும் கறிக்கு வழக்கமான துணை. அத்தட்டை இன்னும் பெரிதாக்கி, கேரட்டும் கிளிமூக்கு மாங்காயும் சேர்த்து நடுவில் வைப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. தொழிற்கூடங்களின் ஆயுத பூசையில் பொரி, பொட்டுக்கடலை, தேங்காய், வாழைப்பழம் பகிரப்படுவது முன்பே வழக்கமாதலால், கொய்யாவும் மாதுளையும் ஊறிய வேர்க்கடலையும் அதனோடு எளிதில் இணையும்.

இலைக்கு முன் அமர்ந்து பிறர் உண்ணும் வடையின் தீமையை விளக்குவது மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். பண்டிகை உணவு அன்பின் வழியாக வருவது. அதைக் குறைகூறும் சொல் உணவைப் பற்றியதாக நில்லாமல் உறவைப் பற்றியதாக மாறிவிடும். சிறு துண்டு ஒப்பட்டை ஏற்று உண்பதால் ஒருவரின் உடல்நலம் குலைந்துவிடாது. அவர் கொண்டுவந்த கோசம்பரியை இரண்டு கரண்டி உண்பதால் மற்றவர்களின் பண்டிகை குறைந்துவிடவும் செய்யாது. சமைக்காத உணவின் நன்மையில் உண்மையான நம்பிக்கை உள்ளவர்கள், அதை நன்கு கழுவி, அளவாக நறுக்கி, புளிப்பும் உப்பும் சரிபார்த்து, பந்தியின் வழக்கம் காட்டும் இடத்தில் முதலில் பரிமாற முன்வர வேண்டும். அடுத்த பண்டிகைக்கு வீட்டாரே அதைக் கேட்டு வாங்கும் அளவுக்குச் சுவையாக இருப்பதைக் காட்டிலும் வலுவான பரிந்துரை அதற்கு வேறில்லை.