யாருக்குத் தெரிந்தவர்? வாடகை அறைகளில் விருந்தாளியும் வீட்டுக்காரரும் எழுதும் மதிப்புரைகள்

ஊர் விட்டு ஊர் வந்தவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "இங்கே உங்களை யாருக்குத் தெரியும்?" என்பதுதான். நம் பங்காருபேட்டை, பவுரிங்பேட்டை என்ற பெயரோடு இருந்த காலத்தில், இங்கே ரயில் மாறி மாரிக்குப்பம் பாதையில் தங்கவயலுக்குப் போன நம் முன்னோர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் வேலையில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் மேஸ்திரியோ ஊர்க்காரரோ உறவினரோதான் அந்தப் பதில். "நம்ம ஆளுதான், நான் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னால் போதும்.

இன்று நம் பிள்ளைகள் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் இரண்டு நாள் வாடகைக்குத் தங்குகிறார்கள். வீட்டுக்காரரும் யாரென்றே தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்கிறார். நடுவில் மேஸ்திரி கிடையாது. கைபேசித் திரையில் இருக்கும் நாலு வரியும் சில நட்சத்திரங்களுமே சாட்சி. இளைஞர்கள் 'ரிவ்யூ' என்று சொல்லும் இதை நான் மதிப்புரை என்று எழுதுகிறேன். பெங்களூரில் என் தங்கை மகன் இரண்டு அறைகளை இப்படி வாடகைக்கு விடுகிறான். அவனிடம் கேட்டதையும், இதுபற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியதில் நான் படித்ததையும் வைத்து இம்முறை எப்படி இயங்குகிறது, எங்கே பலம், எங்கே பலவீனம் என்று விளக்க முயல்கிறேன்.

பழைய வழிகள்

கடைத்தெருவில் நாற்பது ஆண்டு உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். புதிதாக ஒருவர் கடன் கேட்டால், அவர் இதற்கு முன் சரக்கு எடுத்த கடைக்காரரிடம் விசாரிப்போம். "ஆள் எப்படிங்க?" என்று கேட்டால் அவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு மதிப்புண்டு. காரணம், பொய் சொன்னால் நாளை அவர் சொல்லை நாங்கள் நம்பமாட்டோம். நாணயம் என்ற சொல்லை நாம் காசுக்கும் நேர்மைக்கும் சேர்த்தே வைத்திருக்கிறோம். சாட்சி சொல்பவருக்கும் அதில் ஒரு முதலீடு இருக்க வேண்டும் என்பதே வியாபாரிகள் விசாரணையின் உயிர்நாடி.

வெள்ளைக்காரர் காலத்துப் பயணியர் பங்களாக்களில் ஒரு பெரிய புத்தகம் வைத்திருப்பார்கள். தங்கியவர் தம் பெயர், நாள், கட்டிய தொகை ஆகியவற்றை எழுதிக் குறையிருந்தால் அதையும் எழுதுவார். மேலதிகாரி வரும்போது அதைப் படிப்பார். சமையற்காரர் போட்ட குழம்பு சரியில்லை என்று துரை எழுதலாம். துரை எப்படி நடந்துகொண்டார் என்று சமையற்காரர் எழுத அதில் இடமில்லை. துரைமார் வீட்டு வேலைக்காரர்கள் கட்டுக்கட்டாக வைத்திருந்த நற்சான்றுச் சீட்டுகளும் இவ்வகையே. எழுதுவது எசமானர், சுமப்பது வேலைக்காரர்.

நம் தங்கவயலில் 1930-இல் சுரங்கத் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஏடு ஒரு தரப்பின் கையில் மட்டும் இருந்தால் மறு தரப்புக்கு வரும் அச்சம் இந்த மண்ணுக்குப் புதிதன்று.

இருவரும் எழுதும் ஏடு

2007-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு மாநாடு நடந்தது. ஓட்டல்களில் இடமில்லை. வாடகை கட்டச் சிரமப்பட்ட இரண்டு இளைஞர்கள் தம் வீட்டுக் கூடத்தில் காற்று மெத்தைகளைப் போட்டு, காலை உணவும் கொடுத்து, வந்தவர்களிடம் பணம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மூன்றாவது நண்பரும் சேர, அது ஏர்பிஎன்பி என்ற நிறுவனமாயிற்று. இத்துறையில் வேறு நிறுவனங்களும் உண்டு. இருதரப்பு மதிப்புரைக்கு இதன் விதிகளே நல்ல எடுத்துக்காட்டு என்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

தங்கி முடித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதலாம். விருந்தாளி முதலில் மொத்தமாக 1 முதல் 5 வரை நட்சத்திரம் தருகிறார். பிறகு ஆறு தலைப்புகளில் தனித்தனியே தருகிறார். சுத்தம், சொன்னபடி இருந்ததா, உள்ளே நுழையும் ஏற்பாடு, கேட்டதற்குப் பதில் சொன்ன விதம், இடம், கொடுத்த பணத்துக்குத் தகுமா என்பவை அந்த ஆறு. மொத்த நட்சத்திரம் இந்த ஆறின் சராசரி அன்று; அது தனிக் கணக்கு. வீட்டுக்காரரும் விருந்தாளியைச் சுத்தம், வீட்டு விதிகளை மதித்தது, பேச்சுத் தொடர்பு ஆகியவற்றில் எடைபோடுகிறார். எல்லோரும் படிக்கும் குறிப்பு ஒன்று. ஒருவருக்கு மட்டும் போகும் தனிக் குறிப்பு ஒன்று. வெளியான குறிப்புக்கு மறுமொழி எழுதவும் இடமுண்டு.

திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளும் வீட்டாரின் கடமையைப் பேசுபவை. விருந்தாளியின் கடமைக்கும் ஒரு ஏடு திறந்தது இந்த முறையின் புதுமை எனலாம்.

மூடிய உறை

இருவரும் எழுதலாம் என்றவுடன் ஒரு சிக்கல் முளைத்தது. 2014 ஜூலைக்கு முன்பு, ஒருவர் எழுதியது உடனே மற்றவர் கண்ணில் படும். விருந்தாளி "குளியலறை சுத்தமில்லை" என்று எழுதினால், அதைப் படித்த வீட்டுக்காரர் "இவர் அறையைப் பாழாக்கினார்" என்று பதிலடி கொடுப்பார். அஞ்சிய விருந்தாளி, "அருமையான வீடு" என்று எழுதிவிட்டு நழுவுவார். இருவரும் மற்றவர் முதலில் எழுதட்டும் என்று காத்திருந்ததும் உண்டு.

இணையத்தில் பொருள் ஏலம் விடும் ஈபே நிறுவனத்துக்கு இதே தலைவலி முன்பே வந்தது. 1996 முதல் அங்கே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டார்கள். பழிவாங்கல் பெருகியதால் 2008-இல், விற்பவர் வாங்குபவரைக் குறைசொல்லி எழுதக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கடையில் அது செல்லும். வீட்டுக்குள் ஆளை விடுகிற தொழிலில் வந்தவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா?

ஏர்பிஎன்பி கண்ட வழி நம் டெண்டர் முறையை ஒத்தது. டெண்டரில் எல்லோரும் உறையை ஒட்டிக் கொடுக்கிறோம். குறித்த நேரத்தில் எல்லா உறைகளையும் ஒன்றாகப் பிரிக்கிறார்கள். அதுபோல இருவரும் எழுதி முடித்த பிறகே இரண்டு மதிப்புரைகளும் ஒரே நேரத்தில் வெளியாகும். ஒருவர் எழுதவில்லை என்றால் 14 நாள் கழித்து மற்றவருடையது வெளியாகும். அதற்குப் பிறகு பதிலடி எழுத வழியில்லை.

இதன் பலனை ஆராய்ந்து பிராட்கின், கிரேவால், ஹோல்ட்ஸ் என்ற மூவர் 2021-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பழிவாங்கல் குறைந்தது; ஆட்கள் விரைவாக எழுதினார்கள்; ஆனால் நட்சத்திரங்களின் சராசரி சிறிதளவே இறங்கியது. இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. மூடிய உறை பயத்தைத்தான் போக்கும், தாட்சண்யத்தைப் போக்காது. ஒருவர் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க வீட்டுத் தலையணை அழுக்கு" என்று ஊரறிய எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

எல்லோரும் முதல் வகுப்பு

இந்தத் தாட்சண்யத்தின் விளைவை இன்னோர் ஆய்வு காட்டுகிறது. ஜெர்வாஸ், புரோசர்பியோ, பையர்ஸ் ஆகியோர் 2015-இல் கணக்கெடுத்தபோது, ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறக்குறைய 95 சதவீதம் 4.5 அல்லது 5 நட்சத்திரம் பெற்றிருந்தன. ஓட்டல்களை மதிப்பிடும் டிரிப்அட்வைசரில் ஓட்டல்களின் சராசரி 3.8 மட்டுமே. பரீட்சை எழுதிய எல்லோரும் முதல் வகுப்பு என்றால் முதல் வகுப்புக்கு என்ன பொருள்?

"மாமா, ஸ்கூல்ல நூத்துக்கு எண்பது வாங்கினா முதுகுல தட்டிக் குடுப்பாங்க. இங்க அஞ்சுக்கு நாலு வாங்கினா படுத்துட்டோம்னு அர்த்தம்" என்றான் என் தங்கை மகன். விருந்தாளி ஒருவர் "நல்ல அறை, நல்ல மனிதர்" என்று எழுதி 4 கொடுத்துவிட்டுப் போனார். அவர் மனதில் 4 என்பது பாராட்டு. இவன் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் 5 கொடுத்து ஒருவர் 1 கொடுத்தால் சராசரி 4.6. அதை மறுபடி 4.8-க்கு ஏற்ற, அடுத்து வரும் பத்துப் பேரும் தவறாமல் 5 கொடுக்க வேண்டும். சிறந்த வீட்டுக்காரருக்கு ஏர்பிஎன்பி தரும் 'சூப்பர்ஹோஸ்ட்' தகுதிக்கு 4.8 வேண்டும். ஓராண்டில் 10 முறையாவது விருந்தாளிகள் தங்கியிருக்க வேண்டும். 90 சதவீதக் கேள்விகளுக்கு ஒரு நாளுக்குள் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புக்கொண்டதை வீட்டுக்காரர் ரத்து செய்தது 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் சரிபார்க்கிறார்கள். நூறு அறை உள்ள ஓட்டலுக்கு ஒரு கோபக்காரர் பொருட்டே அல்ல. கடன் வாங்கி மாடியில் இரண்டு அறை கட்டிய குடும்பத்துக்கு அது மாதத் தவணை. அந்த 1 நட்சத்திரமும் சில நேரம் மின்வெட்டுக்காகவோ தெருநாய் குரைத்ததற்காகவோ வந்ததாக இருக்கும்.

பெயரைப் பார்த்து மறுப்பது

நம்மைப் போல் இடம்பெயர்ந்து வாழ்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். பெயரைக் கேட்டதும், மொழியைக் கேட்டதும் "இப்பதான் ஒருத்தருக்கு விட்டாச்சு" என்ற பதில் வரும்.

அமெரிக்காவில் எடல்மன், லூகா, ஸ்விர்ஸ்கி என்ற மூவர் ஐந்து நகரங்களில் சுமார் 6,400 ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்கு ஒரே மாதிரி விண்ணப்பம் அனுப்பினர். மாற்றியது பெயரை மட்டும்தான். கறுப்பின மக்கள் வைத்துக்கொள்ளும் பெயரில் போன விண்ணப்பங்களுக்கு, வெள்ளையர் பெயரில் போனவற்றைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவாகவே சம்மதம் கிடைத்தது. 2017-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. 2018-இல் அந்நிறுவனம், வீட்டுக்காரர் சம்மதித்த பிறகே விருந்தாளியின் படம் தெரியும்படி விதியை மாற்றியது. பெயர் தெரியத்தானே செய்யும்?

அந்த ஆய்வில் விண்ணப்பித்த பெயர்கள் எதற்கும் முன்பு தங்கிய வரலாறு கிடையாது, மதிப்புரையும் கிடையாது. 2020-இல் வெளியான குயி, லீ, ஜாங் ஆகியோரின் ஆய்வு அடுத்த கேள்வியைக் கேட்டது. அந்தப் பெயருக்குக் கீழே ஒரே ஒரு நல்ல மதிப்புரை இருந்தால் என்ன ஆகும்? மதிப்புரை இல்லாதபோது பெரிதாகத் தெரிந்த வேறுபாடு, ஒரு மதிப்புரை வந்ததும் ஏறத்தாழ மறைந்துவிட்டது. தெரியாத ஆளைப் பெயரால் அளந்தவர்கள், அவரைப் பற்றிய செய்தி ஒன்று கிடைத்ததும் அதைக் கொண்டு அளந்தார்கள். எல்லா வெறுப்பையும் இது போக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் முன்பு மேஸ்திரியின் ஒரு சொல் செய்த வேலையை, யாரோ முன்பின் தெரியாத வீட்டுக்காரர் எழுதிய ஒரு வரி செய்கிறது. ஊரில் ஒருவரையும் தெரியாத பிள்ளைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய சொத்து!

சொத்து என்றால் கள்ள நோட்டும் உண்டு. பொய் மதிப்புரைகளைக் கருதி, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரவிதியை வெளியிட்டது. எழுதுபவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்ப்பது, மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடும் ஒழுங்கு ஆகியவற்றை அது வகுக்கிறது. விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அன்று அது வந்தது. தங்கிப் பணம் கட்டியவர் மட்டுமே எழுத முடியும் என்ற விதி உள்ள இடத்தில் பொய்க்கு வழி குறைவு.

படிப்பதும் எழுதுவதும்

படிக்கும்போது நட்சத்திரத்தோடு நின்றுவிடக் கூடாது. எல்லாம் 4.7, 4.9 என்றுதான் இருக்கும். சொற்களைப் படியுங்கள். ஒரே குறையை மூன்று பேர் தனித்தனியே சொன்னால் அது உண்மை. "எளிமையான அறை" என்பதற்கு வசதி குறைவு என்றும், "கலகலப்பான பகுதி" என்பதற்கு இரவில் சத்தம் என்றும் பொருள் கொள்வது நலம். குறைசொன்னவருக்கு வீட்டுக்காரர் எழுதிய மறுமொழியைத் தவறாமல் பாருங்கள். கோபத்தில் மனிதர் எப்படிப் பேசுவார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

விருந்தாளியாக எழுதுபவர், குறையை முதலில் தங்கியிருக்கும்போதே வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். வெந்நீர் வரவில்லை என்றால் அன்றே சொன்னால்தானே சரிசெய்ய முடியும்? சரிசெய்தாரா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை" என்ற ஒரு வரி முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய உபகாரம். "சூப்பர்" என்பது யாருக்கும் உதவாது. சின்னக் குறையைத் தனிக் குறிப்பில் சொல்லுங்கள். மின்வெட்டுக்கும் மழைக்கும் வீட்டுக்காரரின் நட்சத்திரத்தைக் குறைப்பது நியாயமில்லை. "வாடகையைக் குறைங்க, இல்லேன்னா ஒரு ஸ்டார்தான்" என்று மிரட்டுவது விதிப்படியே குற்றம். அப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர், பேச்சையெல்லாம் செயலியின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டால் சாட்சி இருக்கும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய விருந்தாளிக்கு நீங்கள் எழுதாவிட்டால் அவருக்கு நஷ்டமில்லை. ஏற்கெனவே அவருக்கு இருபது பேர் எழுதியிருப்பார்கள். முதன்முதலாக வந்து, அறையைச் சுத்தமாக வைத்து, சாவியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளைக்குக் கட்டாயம் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி இரண்டு வரி எழுதினால் போதும். பதினான்கு நாள் கழிந்தால் அந்த ஏடு மூடிவிடும்; அவர் அடுத்த ஊரில் மறுபடியும் யாருக்கும் தெரியாதவராகவே போய் நிற்பார்.