விதைச்சவர் போயிட்டார்... விதை முளைச்சு நிக்குது!

கடந்த ஐப்பசி மாதக் கடைசியில், நம் கேள்வி-பதில் பகுதிக்கு ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். அதில் இரண்டு கேள்விகள் இருந்தன.

முதல் கேள்வி இது: ‘மூன்று ஏக்கரில் மானாவாரி நெல். புழுதி விதைப்பு. முளைத்து இருபது நாள் ஆகப்போகிறது. புல் பயிரை மூடுகிறது. எப்போது களை எடுக்க வேண்டும்?’

இரண்டாவது கேள்வியை நான்கு வரி அடித்துவிட்டு, மறுபடியும் எழுதியிருந்தார். ‘இது விவசாயக் கேள்வி இல்லை. விதைத்து முடித்த பதினோராம் நாள் என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள். அழுதால் விசுவாசம் இல்லாதவள் என்கிறார்கள். அழாமல் இருக்க முடியவில்லை. அவர் விதைத்தது முளைத்து நிற்கிறது, அவர் மண்ணுக்குள் இருக்கிறார். வயல் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. இதற்கு உங்களிடம் பதில் உண்டா?’

முதல் கேள்விக்கு அன்றே தொலைபேசியில் பதில் சொன்னோம். ‘முளைத்த 20 முதல் 25 நாளுக்குள் முதல் களையையும், 40 முதல் 45 நாளுக்குள் இரண்டாவது களையையும் எடுத்துவிடுங்கள்’ என்றோம். இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தை மாதக் கடைசியில், அறுவடை நேரத்தில் அவரைத் தேடிப் போனோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இரண்டையும் இங்கே தவிர்த்திருக்கிறோம்.

மழைக்குக் காத்திருந்த விதை

புனித அருளானந்தர் என்று மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ, 1693-ம் ஆண்டு உயிர்விட்ட ஓரியூர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே கத்தோலிக்கர்கள் வாழும் கிராமங்கள் இந்தப் பகுதியில் பல உண்டு. ஆற்றுப் பாசனத்தை நம்ப முடியாத பூமி. கண்மாயும் வடகிழக்குப் பருவமழையும்தான் கதி. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணை உழுது, புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.

“புரட்டாசி முதல் வாரத்துல விதைச்சாக தம்பி. அண்ணா 4 ரகம். நூத்தி அஞ்சு நாள்ல வந்துரும், வறட்சியும் தாங்கும்னு அவுகதான் கேட்டு வாங்கிட்டு வந்தாக. விதைச்சுட்டு வந்து, ‘இனி நம்ம வேலை முடிஞ்சுது, மேல இருக்கவரு வேலை’ன்னு சிரிச்சாக. பதினோராம் நாள் விடியக்காலைல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவுகதான். ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சுபோச்சு. அம்பத்தோரு வயசு” என்று நிறுத்தினார் அந்த அக்கா.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து மழை இறங்கியது. அதுவரை புழுதியில் கிடந்த விதை நாலே நாளில் பச்சை கட்டியது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வயல் வரப்பு வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

“பயிரைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. விதை பொழச்சுக்கிச்சு, விதைச்ச மனுசன் பொழைக்கலையேன்னு வரப்புலயே விழுந்து அழுதேன். கூட வந்தவுக, ‘விசுவாசம் உள்ளவ இப்படி அழலாமா? அவரு மோட்சத்துலதானே இருக்காரு’ன்னாக. அவுக நல்ல மனசோடதான் சொன்னாக. ஆனா, அதுக்கப்புறம் அழுறதுக்கும் ஒளிய வேண்டியதாப் போச்சு. ராத்திரி மாட்டுக்கொட்டகைலதான் அழுவேன்.”

‘அழாதே என்று எங்கும் சொல்லவில்லை’

பங்குத்தந்தையைச் சந்தித்தோம். அவரும் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

“நண்பர் இலாசர் இறந்தப்போ, கல்லறைக்குப் போற வழியில இயேசுவே அழுதார். கொஞ்ச நேரத்துல அவரை எழுப்பப்போறோம்னு தெரிஞ்சும் அழுதார். அப்படின்னா, அழுகை எப்படி விசுவாசக் குறையாகும்? சின்னப்பர் தெசலோனிக்க மக்களுக்கு எழுதுன கடிதத்தைத்தான் பலரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. துயரப்படவே கூடாதுன்னு அவர் எழுதலை. நம்பிக்கையே இல்லாதவங்க மாதிரி துயரப்பட வேண்டாம்னுதான் எழுதியிருக்கார். துயரமும் இருக்கும், அதுக்குள்ள நம்பிக்கையும் இருக்கும்” என்றார்.

அந்த நம்பிக்கை என்ன என்று கேட்டோம். பங்கு வீட்டுத் திண்ணையில் விதைநெல் கோட்டை ஒன்று இருந்தது. அதைக் காட்டினார்.

“உயிர்ப்பைப் பத்தி கொரிந்து மக்கள் கேட்டப்போ, சின்னப்பர் விதையைத்தான் உதாரணம் சொன்னார். மண்ணுக்குள்ள போறது வெறும் மணி. வெளியே வர்றது பயிர். ரெண்டுக்கும் உருவத்துல சம்பந்தமே இல்லை, ஆனா ரெண்டும் ஒண்ணுதான். ‘கோதுமை மணி மண்ணுல விழுந்து மடிஞ்சாத்தான் பலன்’னு இயேசுவும் தன் சாவைப் பத்திச் சொன்னார். ஆத்துப் பாசனக்காரரைவிட நம்ம ஊர்க்காரருக்கு இது இன்னும் நல்லாப் புரியணும். புழுதியில விதைச்சவர் மூணு வாரம் ஒரு பச்சையும் பார்க்க மாட்டார். அதுக்காகத் தினம் தோண்டிப் பார்க்கிறாரா? மழை வரும்னு விட்டுட்டு வர்றார். நாங்க கல்லறையில மண் அள்ளிப் போடுறதும் அந்த நம்பிக்கையிலதான். ஆனா, விதை நல்லாக் கிடக்குன்னு தெரிஞ்சாலும், மழை வராத நாள் கஷ்டமான நாள்தான். அந்தக் கஷ்டத்தை இல்லைன்னு சொல்ல முடியாது.”

தயங்கியபடி இன்னொன்றும் கேட்டோம். கடன், பயிர்க் கருகல் என்று மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயியின் குடும்பத்துக்கும் இந்த நம்பிக்கை உண்டா?

“உண்டு. தற்கொலை செஞ்சவங்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு கிடையாதுன்னு பழைய சட்டத்துல இருந்துச்சு. 1983-ல வந்த புதுச் சட்டத் தொகுப்புல அந்தத் தடை இல்லை. அவங்களுக்காகவும் திருச்சபை ஜெபிக்குது. கடைசி நேரத்துல அந்த மனசு பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். அந்தக் குடும்பத்தை ஒதுக்குறது பாவம்” என்றார் உறுதியாக.

மாமியார் நீட்டிய அரிவாள்

களையெடுப்புக்கு வருவோம். பங்குத்தந்தை ஞாயிறு திருப்பலியில் பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. ‘புதன்கிழமை இந்த வீட்டு வயல்ல களை. முடிஞ்சவங்க வாங்க’ என்று மட்டும் அறிவித்தார். அன்று பதினாறு பெண்கள் வந்தார்கள். அதில் ஐந்து பேர் அம்மன் கோயில் தெருவைச் சேர்ந்தவர்கள். யாரும் கூலி வாங்கவில்லை. இரண்டாவது களைக்கும் வந்தார்கள். உழவுக்கு ஓட்டிய டிராக்டர்காரர், ‘அறுத்துட்டுக் குடுங்க’ என்று பாக்கியைத் தள்ளிவைத்தார்.

“களை எடுத்த அன்னிக்கு வரப்புல உக்காந்து எல்லாரும் அவுகளைப் பத்தியே பேசுனாக. கண்மாய் மடையில விழுந்தது, பொங்கல் மாட்டுக்கு விரட்டுனதுன்னு சிரிச்சாக. நானும் சிரிச்சேன். கூடவே அழுதேன். யாரும் ‘அழாத’ன்னு சொல்லலை. எனக்கு ஆறுதல் கிடைச்சது அன்னிக்குத்தான்” என்கிறார் அக்கா.

அறுவடைக்கு இன்னொரு தடை காத்திருந்தது. அந்த ஊரில் முதல் அரி அறுப்பது வீட்டு ஆண். கணவனை இழந்தவள் முதல் அரியில் கை வைப்பது வழக்கமில்லை. மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறார், அறுவடை நாளில் தேர்வு. உறவினர் ஒருவரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய மாமியார் எழுந்திருக்கிறார். அவரும் இளவயதில் கணவரை இழந்தவர்.

“எம்புள்ள விதைச்சதை அவன் பொண்டாட்டி அறுக்காம வேற யாரு அறுக்குறது? விவிலியத்துல மாமியாளும் மருமகளும் தாலி அறுத்துட்டு, வாற்கோதுமை அறுப்பு நேரத்துலதானே பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தாக. ரூத்து வயக்காட்டுல போயிப் பொறுக்கித்தானே நகோமிக்குக் கஞ்சி ஊத்துனா. கைம்பொண்டாட்டி கைபட்ட கதிரு ஆகாதுன்னா, அந்தக் கதையை எதுக்குக் கோயில்ல வாசிக்கிறீக?” என்று கேட்டபடி அரிவாளை மருமகள் கையில் கொடுத்தாராம். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மூன்று கைப்பிடிக் கதிரை அறுத்த பிறகு, மிச்சத்தை இயந்திரம் அறுத்தது. அந்த மூன்று பிடியில் ஒன்று கோயில் பீடத்துக்கு, ஒன்று வீட்டு நிலைவாசலுக்கு, ஒன்று கல்லறைக்குப் போனது.

“இப்பவும் சாயங்காலம் டீ போட்டா ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சிருவேன் தம்பி. அப்புறம் ஒண்ணை எடுத்து உள்ள வைப்பேன். அது போகாது. ஆனா, வயலுக்குப் போக இப்ப பயம் இல்லை. அவுக எங்கேயோ போயிட்டாகன்னு தோணலை. முன்னால போயிருக்காக. வர்ற புரட்டாசிக்கு நான்தான் விதைப்பேன். விதைநெல்லு எடுத்து வெச்சாச்சு.”

துக்க வீட்டில் தள்ளிப்போடக் கூடாத வேலைகள்

அந்த ஊர் உபதேசியார் செய்த ஒரு காரியம் எல்லோருக்கும் பாடம். ஏழாம் நாள் திருப்பலி முடிந்ததும், இறந்தவரின் வங்கிப் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்திருக்கிறார். 436 ரூபாய் பிடித்தம் கண்ணில் பட்டது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஆண்டுச் சந்தா அது. குடும்பத்துக்கே தெரியாது. அதில் கிடைத்த 2 லட்சம் ரூபாயில் நகைக்கடன் அடைந்தது.

* கிராமத்தில் மரணத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாள்களுக்குள் பதிவு செய்யுங்கள். அதற்குள் செய்தால் கட்டணம் இல்லை.

* பாஸ்புக்கில் 436 ரூபாய் (எந்த வகை மரணத்துக்கும்), 20 ரூபாய் (விபத்து மரணத்துக்கு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உடனே அந்த வங்கிக் கிளையில் கேளுங்கள்.

* பயிர்க் காப்பீட்டு ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் விவரம், உழவர் அட்டை ஆகியவற்றை ஒரே பையில் எடுத்து வையுங்கள்.

* வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது கிடைத்த பின் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம்.

* இறந்தவர் கணக்கில் பி.எம் கிசான் பணம் வந்தால் எடுக்க வேண்டாம். வேளாண்மை அலுவலகத்தில் தகவல் சொல்லுங்கள்.

* உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து, 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். பிள்ளைகள் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. இந்த அக்காவின் மூன்று ஏக்கரில் அவருக்கு ஓர் ஏக்கர், மகனுக்கு ஓர் ஏக்கர், மகளுக்கு ஓர் ஏக்கர். கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

* தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் இல்லாமல் போனாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம்.

கிளம்பும்போது, ‘உங்கள் இரண்டாவது கேள்விக்கு எங்களால் பதில் எழுத முடியவில்லை’ என்று அந்த அக்காவிடம் சொன்னோம். “பரவாயில்ல தம்பி, முதக் கேள்விக்குச் சரியாச் சொன்னீக. களையை நேரத்துக்கு எடுத்தோம். ஏக்கருக்குப் பதினெட்டு மூட்டை” என்றார்.