அப்பா வேண்டாம் என்ற ஐந்து கிலோ சீனி

கோவில்பட்டியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. ஆட்கள் சாமான் சொல்லச் சொல்ல, துண்டுத் தாளில் சிட்டை எழுதுவார். கை நடுக்கம் வந்தபின் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை. ஆப் எழுதிப் பிழைக்கும் மகள் சும்மா இருக்கலாமா? தீபாவளி லீவில் உட்கார்ந்து, பேசினால் சிட்டை எழுதும் ஆப் ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். கூகுளின் குரல்தட்டச்சில் 2017 ஆகஸ்டில் தமிழ் சேர்ந்ததால், பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை என் தலையில் விழவில்லை. மைக்கை அழுத்திச் சொன்னால் வரி விழும். பக்கத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அதைத் தொட்டால் ‘வேண்டாம்’. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாளே வந்தது வினை. ஒரு அக்கா சீனி ஐந்து கிலோ கேட்டிருக்கிறார். அப்பா போனிடம் அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள், “இல்ல அண்ணாச்சி, ரெண்டு போதும்” என்றிருக்கிறார். அப்பா சிவப்பைத் தொட்டுவிட்டு, மறுபடி மைக்கை அழுத்தி இரண்டு கிலோ என்றார். சிட்டையில் ஐந்தும் விழுந்தது, இரண்டும் விழுந்தது. ஏழு கிலோவுக்குக் கணக்குப் போட்டு, அந்த அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ராத்திரி எனக்குப் போன்: “வேண்டாம்னா வேண்டாம்தானம்மா? பாதியில விட்டதையும் எதுக்கு எழுதுது?”

தப்பு என்னுடையது. ஆண்ட்ராய்டில் 2010-இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே, பேச்சைக் கேட்கும் வசதி ஆப் எழுதுபவர்களுக்குத் திறந்திருக்கிறது. நடுவில் நிறுத்த அதில் இரண்டு கட்டளைகள். ‘ஸ்டாப் லிசனிங்’ என்றால், கேட்டது போதும், கேட்டவரைக்கும் எழுதிக் கொடு என்று பொருள். ‘கேன்சல்’ என்றால், கேட்டதையும் சேர்த்துத் தூக்கிப் போடு. சிவப்புக் குறிக்குப் பின்னால் நான் வைத்திருந்தது முதல் கட்டளை. ஐபோனில் 2016-இல் ஐஓஎஸ் 10-உடன் இந்த வசதி வந்தபோது அங்கும் ‘ஃபினிஷ்’, ‘கேன்சல்’ என்று இரண்டு. பிரவுசரிலும் ‘ஸ்டாப்’, ‘அபார்ட்’ என்று இரண்டு. மூன்று இடத்திலும் இரண்டிரண்டாக வைத்திருக்கிறார்களே, ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். என் அறையின் அமைதியில் சோதித்தபோது பாதியில் மனசு மாறும் ஆள் யாரும் இல்லை, அதனால் தோன்றவில்லை.

நாம் பேசி முடிக்கும்வரை போன் சும்மா காத்திருப்பதில்லை. மைக் பிடிக்கும் ஒலியை, பெரும்பாலும் நொடிக்கு 16,000 முறை அளந்து, துண்டு துண்டாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே ஊகமும் கூடவே ஓடும். ‘சீனி’ என்றதும் ஒரு ஊகம், ‘அஞ்சு’ வந்ததும் திருத்திய ஊகம். கொஞ்சம் மௌனம் வந்தால் ஆள் முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அப்பாவின் விரல் சிவப்பைத் தொடும் நேரத்தில், பாதிச் சிட்டை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

கட்டளையை மாற்றினேன். உடனே அடுத்த தலைவலி. அப்பாவின் விரல் நடுங்கினாலும் வேகத்துக்குக் குறைவில்லை. ரத்து செய்த அதே நொடியில் மைக்கைத் தொடுவார். பழைய அமர்வு கடையைக் கட்டியிருக்காது. புதியது திறக்காமல் 8-ஆம் எண் பிழை வரும். வேலையாக இருக்கிறேன், அப்புறம் வா என்று அதற்கு அர்த்தம். மைக்கைச் சற்று நேரம் சாம்பல் நிறமாக்கி, தொட்டாலும் அசையாதபடி வைத்தேன். அப்போதும் ரத்தான வரி ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தது. சிட்டையில் ஏற்றுவதற்கு முன்னால் வரிகளை நானே ஒரு வரிசையில் நிறுத்தி வைத்திருந்தேன், அதில் ஒளிந்திருந்தவை அவை. ரேஷன் கடை டோக்கன் மாதிரி ஒவ்வொரு அமர்வுக்கும் ஓர் எண் கொடுத்தேன். நடப்பு எண் இல்லாத வரி எப்போது வந்தாலும் வெளியே.

ஒன்றை மட்டும் இந்தப் பொத்தானால் செய்ய முடியாது. பேச்சை எழுத்தாக்கும் வேலை தொலைவிலுள்ள சர்வரில் நடந்தால், ரத்துக்கு முன் போய்ச் சேர்ந்த குரல் போனதுதான். சிரியிடம் பேசியவர்களின் ஒலித்துண்டுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்டுத் தரம் பார்த்த விஷயம் 2019 ஜூலையில் கார்டியன் இதழில் வெளிவந்தது; அடுத்த மாதமே ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. கேட்கும் வேலையைப் போனுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும்படி ஆப்கள் கேட்பதற்கு ஐஓஎஸ் 13-இலும் ஆண்ட்ராய்டு 12-இலும் வழி வந்தது. எல்லா மொழிக்கும் எல்லாப் போனிலும் அது கிடைக்காது. சீனிக் கணக்கை யார் கேட்டால் என்ன என்கிறார் அப்பா. கடன் சொல்லிப் போகிறவர்களின் பெயரையும் அதே மைக்கில்தான் சொல்கிறார்.

போன வாரம் ஊருக்குப் போனபோது எல்லாம் சுத்தமாக ஓடியது. சிவப்பைத் தொட்டால் வரி மறைந்தது. பெருமையோடு அவரைப் பார்த்தேன்.

“அடிச்சது தெரியலையேம்மா” என்றார்.

தாளில் என்றால் ஒரு கோடு இழுப்பாராம், ஐந்து கிலோ அடியில் தெரியும். நான் ரெண்டுதான் சொன்னேன் என்று யாராவது பிறகு சண்டைக்கு வந்தால் காட்டலாம். கேன்சல் எதையும் மிச்சம் வைக்காதே, என்ன செய்ய? இப்போது ரத்துக்கு முன்பே அந்தப் பாதி ஊகத்தை நகலெடுத்து, குறுக்குக் கோடு போட்டு, மங்கலாக சிட்டையில் நிறுத்துகிறேன், கூட்டலில் சேராது. அப்பாவுக்குக் கோடு இன்னும் கொஞ்சம் தடிமனாக வேண்டுமாம்.