தீவனப் பயிரின் அறுவடைப் பதம்

நெல் விளைந்து, கதிர் தலைசாய்ந்து, பொன்னிறம் எய்தினால் அறுவடைக்காலம் வந்துற்றதென்பதை வயலோரத்திற் பிறந்த சிறுவனும் அறிவான். மணியின்பொருட்டு விளைக்கப்படும் பயிரில் முற்றுதலே எல்லை. முற்றியபின் அறுப்பதே முறை. ஆயின், தானியப் பயிரை மணிக்காகவன்றி மாட்டின் தீவனத்துக்காகத் தண்டும் இலையும் கதிருமாக ஒருங்கே அறுப்பவனுக்கு இவ்வழிகாட்டி உதவாது. பயிர் பச்சையாய் இருக்கும்போதே அவன் அறுத்தல் வேண்டும். எத்துணைப் பச்சையாய் இருக்கும்போது என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பசும்பயிரைச் சிறு துண்டுகளாக வெட்டி, காற்றுப் புகாவண்ணம் அழுத்தி மூடிப் புளிக்கவைத்துப் பேணிய தீவனத்தைச் சைலேஜ் என்பர். தமிழில் இதற்கு ஊறுகாய்ப் புல் என்று பெயர். பொருத்தமான பெயரே. ஊறுகாயைப் புளிப்புக் காப்பதுபோல இத்தீவனத்தையும் அமிலமே காக்கின்றது. பிரெஞ்சு நாட்டு வேளாண்மையாளர் ஒகுஸ்த் கொபார் என்பவர் சோளப் பயிரை இவ்வாறு பேணிய தம் அனுபவத்தை 1877ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதன்பின் இம்முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விரைந்து பரவிற்று.

இன்று இம்முறை பெரிதும் வழங்கும் நாடுகளுள் கனடாவும் ஒன்று. அதன் மேற்குப் பகுதியிலுள்ள அல்பேர்ட்டா மாகாணத்தில் வாற்கோதுமையே, அஃதாவது பார்லியே, இதற்குரிய தலையாய பயிர். மே மாதத்தில் விதைத்த பயிரை யூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் அறுத்து, அகழிகளிற் கொட்டி, உழவு யந்திரங்களை மேலே ஓட்டி அழுத்தி, பிளாஸ்ரிக் விரிப்பால் மூடி, பழைய ரயர்களைப் பாரமாக அடுக்குவர். பின்னர் நிலம் பனியால் மூடப்படும். மாதக்கணக்காக மேய்ச்சல் இல்லை. கோடையில் ஒரு வாரம் பிந்தியதன் பயனை அகழி திறக்கப்படும் நாளிலேதான் உழவன் காண்பான். அப்பொழுது வேறு பயிர் வைத்து அக்குறையை நிரப்ப வழியில்லை.

அகழியினுள் நிகழ்வது யாது? அறுக்கப்பட்ட பயிர் உடனே இறந்துவிடுவதில்லை. எஞ்சியுள்ள ஒட்சிசன் தீரும்வரை அது சுவாசிக்கின்றது. தன் வெல்லத்தைச் செலவிட்டு வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஒட்சிசன் தீர்ந்ததும், காற்றின்றி வாழும் பற்றீரியாக்கள் எஞ்சிய வெல்லத்தை இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. அமிலம் போதிய அளவு திரண்டதும் அழுகல் விளைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடுகின்றன. தீவனமும் கெடாது நிற்கின்றது. இதற்கு மூன்று வேண்டும்: போதிய வெல்லம், அளவான ஈரம், காற்றின்மை. இம்மூன்றும் அறுவடைப் பதத்தையே பொறுத்துள்ளன.

ஈரம் மிகின் கெடுதியாதெனில், அமிலம் நீர்த்துப்போகும். அந்நிலையில் குளொஸ்திரிடியம் என்னும் இனத்துப் பற்றீரியாக்கள் பெருகி, இலற்றிக்கமிலத்தைப் பியூற்றிரிக்கமிலமாக மாற்றும், புரதத்தையும் சிதைக்கும். துர்நாற்றம் வீசும் அத்தீவனத்தை மாடு வெறுக்கும். சத்துக்கள் கரைந்த சாறும் அகழியிலிருந்து வடிந்து வீணாகும். அருகிலுள்ள நீர்நிலையிற் சேரின் அங்குள்ள மீன்களையும் கொல்லும். ஈரம் குறைந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று படியா. இடையில் நின்ற காற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். அகழியைத் திறந்தபின் தீவனம் சூடேறிக் கெடும். ஆதலின், அகழிக்குட் செல்லும் பயிரில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு ஈரமிருத்தல் வேண்டும். 65 பங்கு மிக நன்று.

இனி, பயிர் முற்றும் படிகளை நோக்குவாம். கதிர் இலையுறைக்குள் மறைந்திருப்பது குடலைப் பதம். கதிர் வெளிவந்து பூத்தபின், மணியை நசுக்கினால் வெண்பால் வருவது பாற்பதம். நகத்தால் அழுத்தினால் பிசைந்த மாப்போல நசிவது மாப்பதம். அதன்பின் மணி கடினமுற்று முற்றற்பதம் எய்தும். 1974ஆம் ஆண்டில் சடொக்ஸ் முதலியோர் வகுத்த வளர்ச்சி அளவுகோலில் குடலைப் பதத்தின் நடுநிலை 45 என்றும், பாற்பதத்தின் நடுநிலை 75 என்றும், மென்மையான மாப்பதம் 85 என்றும் எண்ணிடப்பட்டுள்ளன.

குடலைப் பதத்தில் புரதம் மிகுதி, நாரின் கடினம் குறைவு, செரிமானம் எளிது. ஆயின் விளைவு சிறிது. ஈரமோ 80 பங்குக்கும் மேல். நாள் செல்லச் செல்லத் தண்டு தடித்து நார் கடினமாகும், புரதம் குறையும். இதனை மட்டும் நோக்குவோர் தீவனத்தின் தரம் ஓயாது கீழிறங்குமென்றே கருதுவர். வாற்கோதுமையில் அவ்வாறன்று. பாற்பதம் கடந்தபின் மணியில் மாப்பொருள் நிரம்புகின்றது. தண்டு இழந்த சத்தை அது பெரிதும் ஈடுசெய்கின்றது. மொத்த விளைவும் பெருகுகின்றது. ஈரமும் இப்பதத்தில் வேண்டிய எல்லைக்கு இறங்கிவிடுகின்றது. ஆகவேதான் அல்பேர்ட்டாவில் வாற்கோதுமையை மாப்பதத்தில் அறுக்கின்றனர். ஓற்ஸ் பயிரின் தரம் விரைந்து குறைவதால் அதனைப் பாற்பதத்தின் இறுதியிலேயே அறுப்பர். றை என்னும் தானியமோ கதிர் வந்தபின் மாடு விரும்பாத் தன்மையை விரைவில் அடைவதால், அதற்குக் குடலைப் பதமே தக்கது.

உண்ணும் விலங்கின் தேவையும் நோக்கத்தக்கது. மிகுதியாகப் பால் கறக்கும் பசுவுக்கும் வளரும் கன்றுக்கும் புரதம் மிக்க தீவனம் வேண்டப்படின், உழவன் விளைவிற் சிறிது இழந்தும் முந்தி அறுப்பான். இறைச்சிக்காகக் கொழுக்கவைக்கும் மாட்டுக்கு மாப்பொருள் மிக்க பிந்திய பதம் ஏற்கும். எனினும் பிந்துதற்கும் எல்லையுண்டு. முற்றிய மணி மாட்டின் வயிற்றிற் செரியாது சாணத்தோடு வெளியேறும். வாற்கோதுமையின் கூரிய வால்கள் கடினமுற்று வாயைப் புண்படுத்தும்.

ஈரத்தை அறிதற்கு எளிய சோதனைகள் உள. நறுக்கிய பயிரை ஒரு பிடி அள்ளி அரை நிமிடம் இறுகப் பிடித்துக் கையை விரிக்க. சாறு வடிந்தால் ஈரம் மிகுதி. உருண்டை மெல்ல விரிந்தால் தக்க பதம். உடனே சிதறினால் காலம் கடந்துவிட்டது. திட்டமாக அறிய விரும்புவோர் 100 கிராம் பயிரை நிறுத்து, கருகாமல் உலர்த்தி, மீண்டும் நிறுப்பர். குறைந்த நிறையே ஈரத்தின் பங்காகும். மேட்டிலுள்ள பயிர் முந்தி உலரும். பள்ளத்திலுள்ளது பசுமை மாறாதிருக்கும். ஆதலின் வயலின் பல இடங்களிலிருந்தும் மாதிரி எடுத்தல் வேண்டும்.

இத்துணையும் அறிந்தவனும் ஒன்றில் தவறுதல் கூடும். வெயிலும் காற்றும் மிக்க நாட்களில் ஈரம் நாளொன்றுக்கு ஒரு பங்களவில் குறைவதுண்டு. எனவே 70 பங்கிலிருந்து 60 பங்குக்கு இறங்க ஏறக்குறையப் பத்து நாட்களே உள. பெருவயலை ஒரே நாளில் அறுத்து முடித்தல் இயலாது. மிக நல்ல பதம் வரட்டுமென்று காத்திருப்பவன், அப்பதம் வந்த நாளிலே தொடங்கி, பதம் கடந்த பயிரையே இறுதியில் அகழிக்குக் கொண்டுசெல்வான். சிறிது முந்தித் தொடங்குபவனோ அப்பதத்தை அறுவடையின் நடுநாட்களிற் பெறுவான்.

முந்துதலும் பிந்துதலும் தவறேயெனினும், அவை ஒரு தன்மையன அல்ல. ஈரம் மிக்க பயிரை அறுத்து வயலிலேயே சில மணி நேரமோ ஒரு நாளோ வாடவிட்டுத் திருத்தலாம். உலர்ந்துபோன பயிருக்கு மீண்டும் பசுமையை ஊட்டுதல் எவராலும் இயலாது.

நம் நாட்டிலும் பாற்பண்ணைகளுக்காகச் சோளத்தை ஊறுகாய்ப் புல்லாக்கும் வழக்கம் இன்று உண்டு. சோளத்தின் பதத்தை மணியே காட்டும். கதிரை நடுவே முறித்து மணியை நோக்கின், மேற்புறத்தில் கடினமான மாப்பொருளும் அடிப்புறத்தில் பாலும் இருத்தலையும், இரண்டுக்குமிடையே ஒரு கோடு செல்வதையும் காணலாம். முற்ற முற்ற அக்கோடு கீழிறங்கும். மணியின் பாதியளவோ அதற்குச் சற்றுக் கீழோ அது இறங்கியதும் ஈரத்தைச் சோதித்து அறுவடையைத் தொடங்குதல் தகும்.

ஆகவே, தீவனப் பயிரின் அறுவடை நாளைப் பஞ்சாங்கமோ பயிரின் நிறமோ குறித்துத் தருவதில்லை. உண்ணும் விலங்கின் தேவை, பயிரின் ஈரம், அறுப்போரின் வேகம் என்னும் மூன்றையும் சேர்த்து எண்ணியே அதனைத் துணிதல் வேண்டும். ஐயம் நேரின் முந்துதலே நன்று என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும்.