வானொலியில் மலையகத்தின் வாய்மொழி

இலங்கையின் தம்புள்ளையிலிருந்து நாலந்தாவைக் கடந்து மாத்தளைக்கு ஏறுகிற நெடுஞ்சாலைக்குச் சற்று மேற்கே, வயல்களும் மிளகுக்கொடி படர்ந்த தோப்புகளுமாகக் கிடக்கும் பல்லேபொலப் பிரதேசம் சிங்கள ஜனங்களே பெருவாரியாக வாழும் இடமாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக வந்து மாத்தளை மலையைத் தொட்ட பாதை இதன் அருகாகவே சென்றதால், மலையகத் தமிழின் கதையை இங்கிருந்து சொல்லத் தொடங்குவது பொருத்தமே. நோயாலும் பசியாலும் அந்த வழியிலே மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். 2023ஆம் ஆண்டில், அவர்களின் வழிவந்த மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணமும் மாத்தளையிலேதான் நிறைவெய்தியது.

அவ்வாறு வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது சொற்பம். நாவில் கொண்டுவந்ததோ ஏராளம். தாலாட்டும் ஒப்பாரியும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும், காமன் கூத்தும் லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளின் வாசலில் மறுபடி வேரூன்றின. பிரட்டுக்களம், கங்காணி, பீலிக்கரை, காம்பரா முதலிய தோட்டத்துச் சொற்கள் கலந்து, திருச்சிராப்பள்ளிப் பேச்சும் சேலத்துப் பேச்சும் ஒன்றாகி, இம்மலைகளுக்கே உரிய ஒரு தமிழ் பிறந்தது. அந்தத் தமிழுக்கு இக்காலத்து ஒலி, ஒளி சாதனங்களில் என்ன ஸ்தானம் கிடைத்தது என்பதே என் உள்ளத்தை நெடுநாளாக வருத்தும் கேள்வி.

பத்திரிகை உலகம் முதலில் கை கொடுத்தது என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ தொழிலாளியின் குறையை அச்சேற்றியது. அவருடைய மனைவியார் மீனாட்சியம்மாள் தோட்டக் கூட்டங்களில் தாமே பாட்டிசைத்து, எழுத்தறியாத ஜனங்களின் செவி வழியாக நெஞ்சைத் தொட்டார். பின்னாளில் மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டி ‘மாமன் மகனே’ என்னும் தொகுப்பாகத் தந்தார். 1975இல் வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ என்னும் படம் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரையில் ஏற்றியது.

ஆனால் வானொலியின் கதை வேறு. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பைத் தமிழ்நாடே விரும்பிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. ‘லண்டன் கந்தையா’ போன்ற நாடகங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சை அதன் இயல்பான நயத்தோடு வீடுதோறும் கொண்டு சென்றன. ‘கோமாளிகள் கும்மாளம்’ இந்நாட்டின் வெவ்வேறு பேச்சுவழக்குகளை ஒரே மேடையில் கூட்டிச் சிரிக்கவைத்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமக்கிறவளின் பேச்சு மாத்திரம், அவளுக்கென ஒதுக்கிய சிறு நேரங்களுக்கு வெளியே, அபூர்வமாகவே காதில் விழுந்தது. 1948இன் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டு தேசங்களுக்கிடையே பங்கிடப்பட்ட ஒரு சமூகத்தின் குரலுக்கு ஒலிபரப்பு நிலையத்தில் யார் நாற்காலி போடுவார்?

இவ்விஷயத்தில் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டார் நடந்துகொண்ட விதம் நாம் கவனிக்கத் தக்கது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் அவமான அடையாளமாக மரத்துண்டைத் தொங்கவிட்ட காலத்தையும் கண்டவர்கள் அவர்கள். 1962இல் சாண்டர்ஸ் லூயிஸ் என்னும் எழுத்தாளர் தம் பாஷையின் கதியைக் குறித்து வானொலியில் ஆற்றிய ஒரே ஒரு சொற்பொழிவு வாலிபர்களை வீதிக்கு இறக்கியது. வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாக வாக்களித்த அரசாங்கம் பின்வாங்கியபோது, க்வின்வோர் எவன்ஸ் என்னும் அரசியல் தலைவர், வாக்கு நிறைவேறாவிடில் சாகும் வரை உபவாசம் இருப்பேன் என்று 1980இல் பிரகடனம் செய்தார், அரசாங்கம் பணிந்தது, 1982 நவம்பர் 1ஆம் தேதி ‘எஸ் ஃபோர் சி’ என்னும் அலைவரிசை பிறந்தது. நம் ரூபவாஹினித் தொலைக்காட்சி பிறந்ததும் அதே ஆண்டில்தான். தொலைக்காட்சி வந்துவிட்டதால் மாத்திரம் அந்தப் பாஷை பிழைத்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை: 2021இன் குடிசன மதிப்பீட்டில் வேல்ஸில் அதைப் பேசத் தெரிந்தவர் நூற்றுக்கு 17.8 பேரே. ஆயினும், காலநிலையும் கால்பந்தும் குற்றக் கதையும் குடும்பச் சண்டையும் தன் பாஷையிலேயே திரையில் வரக் காணும் குழந்தை, அதைப் பாட்டியின் பழம்பேச்சு என்று கருதி வெட்கப்படுவதில்லை. அந்த வெட்கம் நீங்குவதே பெரிய லாபம் என்பது என் அபிப்பிராயம்.

நம்மிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று ஐயுறுவோர் மாசி மாதத்தில் ஒரு தோட்டத்துக்குச் சென்று பார்க்கட்டும். அமாவாசை கழிந்து காமன் கூத்தின் கம்பம் ஊன்றியதும் இரவுதோறும் ஆட்டம் நடக்கிறது; சருகையும் சுள்ளியையும் மூட்டி, தப்புப் பறையின் தோலை அந்த அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்த பிறகே அடிக்கத் தொடங்குகிறார்கள்; பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவபெருமானின் நெற்றிக்கண்ணுக்கு காமனாகிய மதன் இரையாகும்போது, இரதி வேஷம் கட்டிய ஆண்மகன் தலைமயிரை அவிழ்த்துவிட்டு அழுகிற அழுகையில், பகலெல்லாம் மலையில் கொழுந்துக் கணக்குக்கு மாரடித்துவிட்டு வந்த பெண்களும் தம் சொந்தச் சாவுகளை நினைத்துச் சேர்ந்து அழுகிறார்கள். விழா என்றால் சில விநாடிக் காட்சியும், அதன்மேல் ஏட்டுத்தமிழில் ஒரு விளக்கமும் போதும் என்று எண்ணும் தொலைக்காட்சிக்கு இந்த இரவு முழுவதும் வசப்படாது.

இன்று கைப்பேசி ஏந்திய தோட்டத்து இளைஞர்கள் தாமே படம் பிடித்துத் தாமே பேசி உலகுக்குக் காட்டுகிறார்கள். இது பெரும் பாக்கியம். எனினும் ஒலிவாங்கியின் முன் வந்தவுடன் சிலர் தம் நாவை மாற்றிக்கொண்டு சென்னைச் சினிமாவின் பேச்சையோ கொழும்பு அறிவிப்பாளரின் பேச்சையோ கடன் வாங்குவதைக் கேட்கையில் மனம் நோகிறது.

ஆகவே வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் அம்மாயியோ அப்பாயியோ இருந்தால், அவர் பாடும் தாலாட்டையும், அவர் முன்னோர் வந்த வழிக்கதையையும், அவர் சொல்லும் விதத்திலேயே, ஒரு சொல்லையும் திருத்தாமல் இந்த வாரமே பதிவுசெய்து வையுங்கள். வானொலி நிலையத்தார் கேட்டால் கொடுங்கள், கேளாவிட்டால் நீங்களே ஒலிபரப்புங்கள்.