தையலும் கைவிரல் விறைப்பும்

மொன்றியாலின் ஷபனெல் வீதி ஆடைத் தொழிலுக்குப் பெயர்போனது. தொழிலாகத் தைத்தவர்களும், குளிர்காலப் பொழுதுபோக்காகப் பழைய பருத்திச் சேலைத் துண்டுகளை இணைத்துக் குவில்ட் போர்வை தைப்பவர்களும் சொல்லும் ஒரு முறைப்பாடு: "இரவில் கை விறைக்குது."

இதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. மணிக்கட்டில் உள்ள ஒடுங்கிய பாதையொன்றினூடாக 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. கத்தரிக்கோலை இறுக்கிப் பிடிப்பதாலும், மணிக்கட்டை மடித்தபடி நெடுநேரம் தைப்பதாலும் அந்த நரம்பு நெரிபடலாம். அப்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கும். சின்னவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். நீரிழிவு அல்லது தைரொயிட் குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யலாம்?

- அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டுக் கையை நீட்டி மடக்குங்கள்.
- கத்தரிக்கோலும் வட்டக் கத்தியும் கூராக இருக்கட்டும். மழுங்கினால் கை அதிகம் அழுத்த வேண்டிவரும்.
- போர்வையின் பாரத்தை மேசை தாங்கட்டும்.
- இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி அணியுங்கள். மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

பிடித்த பொருள் கைநழுவினாலோ, பெருவிரலின் அடித்தசை மெலிந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். காலம் கடந்தால் சத்திரசிகிச்சை செய்தாலும் உணர்வு முழுமையாகத் திரும்பாமற் போகலாம். எங்கே காட்டுவது என்று தெரியாதவர்கள் 811 இலக்கத்தை அழைத்தால் தாதி ஒருவர் இலவசமாக ஆலோசனை தருவார்.

போர்வை ஒரு மாதம் பிந்தலாம். கை பிந்தக் கூடாது.